நாவல் பழத்தை உண்ணுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்!



நாவல் மரத்தை நம் தோட்டத்து மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய லயத்துக்குப் பின்னாலோ, கோயில் ஓரத்திலோ ஒரு மரம் நின்றால் போதும். பழம் விழும் நாட்களில் அங்குள்ள பிள்ளைகள் அத்தனை பேரின் நாக்கும் ஊதா நிறமாகிவிடும். சட்டையில் பட்ட கறையும் இலேசில் போகாது. அதற்காக அம்மாவிடம் வாங்கிய ஏச்சும் மறக்காது.

இப்போதெல்லாம் நாவல் பழம் என்று பேச்செடுத்தால் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தாம் அதிக ஆவல் காட்டுகிறார்கள். காரணம், இனிப்பு நீர் வியாதி. "நாவக் கொட்டையைக் காயவச்சு இடிச்சுக் குடிச்சா சக்கரை எறங்கிடுமாமே! அப்புறம் எதுக்கு இந்தக் கிளினிக் மாத்திரை?" என்று ஒருவர் சொல்கிறார், நாலு பேர் கேட்கிறார்கள். மறுநாளே மாத்திரைப் பொட்டலம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. கிளினிக்கில் கொடுத்த தேதியும் மறந்துபோகிறது.

இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. பெரிய ஆபத்தும் உண்டு. எது உண்மை, எது ஆபத்து என்று பிரித்துப் பார்ப்பதே இம்மாதப் பாடம்.

மரமும் பெயரும்

நாவல் மரம் இந்தியா, இலங்கை, பர்மா முதலிய நாடுகளுக்கு உரியது. நம் நாட்டிலும் நெடுங்காலமாக வளர்ந்து வருகிறது. மலாய் மொழியில் இதை ஜம்போலான் என்பார்கள். கொய்யா, ஜம்பு ஆயர், நாம் சமையலுக்குப் போடும் கிராம்பு ஆகிய எல்லாமே நாவலுக்கு ஒரே குடும்பத்துச் சொந்தங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பட்டணத்துப் பேரங்காடிகளில் சின்னஞ்சிறு பெட்டியில் 'பிளாக்பெர்ரி' என்ற பழத்தை அதிக விலைக்கு விற்கிறார்கள். அது குளிர்நாட்டில் முள்கொடியில் காய்ப்பது. ரோஜாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாவலையும் ஆங்கிலத்தில் சிலர் 'இந்திய பிளாக்பெர்ரி' என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் அந்தப் பழத்துக்குச் சொல்லும் நன்மையை இதற்கும், இதற்குச் சொல்லும் நன்மையை அதற்கும் மாற்றி மாற்றிச் சொல்லி வருகிறார்கள். இரண்டும் வேறு வேறு பழங்கள். இரண்டுமே நல்ல பழங்கள்தாம். ஆனால் பெட்டியில் வரும் பழத்தை வாங்கக் காசு இல்லையே என்று யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

தோட்டத்து ஓரங்களில் புதராக வளரும் செண்டுடுக் செடியின் பழமும் வாயைக் கறுப்பாக்கும். பிள்ளைகள் அதையும் பிய்த்துத் தின்பார்கள். அதுவும் நாவல் அல்ல. செடி எதுவாக இருந்தாலும், புல்லுக்கு மருந்து அடித்த வரிசையிலிருந்து எந்தப் பழத்தையும் பறித்துத் தின்னக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி இந்த நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. அவை பிள்ளைகளின் வயிற்றுக்குள் போக வேண்டியவை அல்ல.

பழத்தில் என்ன இருக்கிறது?

நூறு கிராம் நாவல் சதையில் ஏறக்குறைய 83 கிராம் தண்ணீர்தான். மாவும் சர்க்கரையும் சேர்ந்த சத்து சுமார் 15 கிராம். வைட்டமின் சி 14 மில்லிகிராம். கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் கால்சியம் உண்டு. உடலுக்குக் கிடைக்கும் சக்தி 60 கலோரி.

பழத்தின் ஊதா நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்ற சாயப்பொருள். கத்தரிக்காய்த் தோலிலும் கறுப்புத் திராட்சையிலும் இருப்பது இதே இனம்தான். இப்படி அடர்ந்த நிறமுள்ள பழங்களையும் காய்களையும் அன்றாடம் உண்பது இரத்தக் குழாய்களுக்கும் இருதயத்துக்கும் நல்லது என்றே ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற இன்னொரு பொருள். தேயிலையிலும் அது உண்டு.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. இனி, பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவற்றைப் பார்ப்போம்.

"நாவல் பழம் ரத்தம் ஊறும், புள்ளத்தாச்சிக்கு நல்லது" என்பார்கள். பழம் கறுப்பாக இருப்பதாலும், அதன் சாறு இரத்தம் போலத் தெரிவதாலும் இப்படி ஒரு நம்பிக்கை வந்திருக்கலாம். ஆனால் நூறு கிராம் நாவலில் உள்ள இரும்புச் சத்து 0.2 மில்லிகிராம் மட்டுமே. பிள்ளை பெறும் வயதில் உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்புச் சத்து வேண்டும். நாவலை மட்டும் நம்பினால் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ பழம் தின்ன வேண்டியிருக்கும்! யாரால் முடியும்?

இரத்தச் சோகை உள்ள தாய்மார்களுக்கு இரும்புச் சத்து ஈரலிலும், இறைச்சியிலும், நெத்திலியிலும், முட்டையிலும், பருப்பிலும், கீரையிலும் கிடைக்கும். கீரையோடும் பருப்போடும் கொய்யா, எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். கொய்யாவில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேலான வைட்டமின் சி உண்டு. சாப்பிட்ட கையோடு தே குடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் மிஸ்ஸி கொடுக்கும் இரும்பு மாத்திரையை "மயக்கம் வருது, குமட்டுது" என்று தூக்கி எறியாமல், அவரிடமே சொல்லி வழி கேளுங்கள்.

எப்படி உண்பது?

முருகன் நாவல் மரத்தில் ஏறி நின்று, "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?" என்று ஔவைப் பாட்டியைக் கேட்ட கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். விழுந்த பழத்தில் மண் ஒட்டிக்கொள்ள, பாட்டி அதை ஊதி ஊதித் தின்றாராம். கதைக்கு அது அழகு. நாம் ஊதினால் மட்டும் போதாது. கீழே விழுந்த பழத்தில் மண்ணோடு நாய், கோழி, எலி ஆகியவற்றின் அசுத்தமும் சேர்ந்திருக்கும். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது. ஆகவே:

1. மரத்தடியில் ஒரு பழைய சேலையையோ சாக்கையோ விரித்து, அதில் விழும் பழத்தை எடுங்கள். நசுங்கியதையும் வெடித்ததையும் ஒதுக்குங்கள்.

2. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள்.

3. நன்றாகக் கறுத்து, தொட்டால் மெத்தென்று இருக்கும் பழமே தின்ன ஏற்றது. சிவந்த காய் துவர்க்கும், தொண்டையைப் பிடிக்கும்.

4. உப்பில் புரட்டித் தின்றால் துவர்ப்புக் குறையும். ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைத் தொடவேண்டாம். பழத்தை இளவெந்நீரில் சிறிது நேரம் போட்டு வைத்தும் தின்னலாம்.

5. சாறு எடுத்தால் சீனி போடாதீர்கள். சீனி போட்ட நாவல் சாறு, சாதாரண இனிப்புத் தண்ணீர்தான்.

6. சிறு பிள்ளைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நாவல் பட்டையைக் கஷாயம் வைத்து வாய் கொப்பளிப்பதும், வயிற்றுப் போக்குக்குக் கொடுப்பதும் பழைய கைவைத்தியம். துவர்ப்புக்கு அப்படி ஒரு குணம் உண்டுதான். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப் போக்கு என்றால், உயிரைக் குடிப்பது போக்கு அல்ல; உடம்பிலிருந்து போய்விடும் தண்ணீரும் உப்பும்தான். அதை ஈடு செய்யாமல் கஷாயத்தை நம்பி உட்காரக்கூடாது. கிளினிக்கில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். அது இல்லையானால், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். குழந்தை துவண்டு போனாலோ, மூத்திரம் நின்று போனாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனிப்பு நீரும் நாவல் கொட்டையும்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம்.

2019ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 100க்கு 31.4 பேர். அதாவது மூவரில் ஒருவர் என்ற அளவு! அந்த 18.3 பேரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு வியாதி இருப்பதே அதுவரை தெரியாது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6ஆக இறங்கியது. இருந்தாலும் ஆறு பேருக்கு ஒருவர் என்பது சிறிய கணக்கா?

நமது வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் என்ற நீரைச் சுரக்கிறது. நாம் தின்னும் சோறும் ரொட்டி சானாயும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது, அந்தச் சர்க்கரையை உடம்பின் தசைகளுக்குள் அனுப்பும் சாவி இன்சுலின்தான். சாவி குறைந்தாலும், பூட்டு துருப்பிடித்தாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். அப்படித் தங்கும் சர்க்கரை வலியில்லாமல், சத்தமில்லாமல் கண்ணையும், சிறுநீரகத்தையும், கால் நரம்பையும் அரித்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இனிப்பு நீரால் சிறுநீரகத்தை இழந்தவர்கள்.

இந்த வியாதிக்கு நாவல் கொட்டையைக் கொடுப்பது நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களின் பழைய வழக்கம். இதைக் கேலி செய்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வைத்தியர்களும் நாவல் கொட்டையை வாங்கி இனிப்பு நீர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது அவர்கள் கையிலும் வேறு மருந்து இல்லை. 1921ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொரொன்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. சாகக் கிடந்த பிள்ளை எழுந்து நடந்தான். அதன் பிறகு ஐரோப்பிய வைத்தியத்தில் நாவல் கொட்டையின் பேச்சு அடங்கிவிட்டது.

"சரி, இப்ப சோதிச்சுப் பாத்திருக்காங்களா?" என்று கேட்பீர்கள். சோதித்திருக்கிறார்கள். தென் பிரேசிலில் நாவல் இலையைத் தேநீர் போலக் காய்ச்சி இனிப்பு நீருக்குக் குடிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அங்குள்ள போர்ட்டோ அலெக்ரே நகரத்து மருத்துவர்கள் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான நாவல் இலைத் தேநீரும் போலி மாத்திரையும்; மறு பிரிவுக்குப் போலித் தேநீரும் உண்மையான மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 2004இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை தின்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது. நாவல் தேநீர் குடித்தவர்களுக்கு இறங்கவில்லை.

"அது இலை, நான் கொட்டையைத்தானே சொன்னேன்!" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொட்டைப் பொடியை எலிகளுக்குக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியதாகப் பல ஆய்வுகள் உண்டு. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் சிலவற்றிலும் ஓரளவு இறங்கியிருக்கிறது. ஆனால் அவை சில பேரிடம், சில மாதங்கள் நடத்தப்பட்டவை. கொட்டைப் பொடி கண்ணைக் காத்தது, காலைக் காத்தது, சிறுநீரகத்தைக் காத்தது என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை.

மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் அந்தச் சான்று உண்டு. பிரிட்டனில் 1977இல் தொடங்கி, 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1998இல் முடிவு சொன்னார்கள். மருந்தால் சர்க்கரையை நன்கு கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றில் வரும் கேடுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. நாம் மாத்திரை தின்பது இதற்காகத்தான்.

"மாத்திரைதானே கிட்னியைக் கெடுக்குது?"

தோட்டத்தில் அதிகமாக நடமாடும் பயம் இது. பெரியப்பா பத்து வருடம் மாத்திரை தின்றார். கடைசியில் கிட்னி போயிற்று. ஆகவே மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்து வருடமும் அவருடைய சர்க்கரை எவ்வளவு இருந்தது, கொதிப்பு எவ்வளவு இருந்தது என்று யாராவது கேட்டார்களா? சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டால் டாக்டர் சில மாத்திரைகளைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். அதற்காகத்தான் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

"மாத்திரை ரசாயனம், நாவல் மூலிகை" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கிளினிக்கில் நமக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையின் பூர்வீகமே ஒரு மூலிகைதான். ஐரோப்பாவில் கலேகா என்ற ஒரு செடி உண்டு. அதில் இருந்த பொருளை ஆராய்ந்துகொண்டே போன வழியில் பிறந்தது இந்த மருந்து. 1957இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர் அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். ஆக, மூலிகைக்கும் மருந்துக்கும் பகை இல்லை. ஒன்று அளந்து, சோதித்து, தீங்கையும் எழுதி வைத்துக் கொடுக்கப்படுகிறது. மற்றது யார் இடித்தார், எத்தனை கரண்டி, எத்தனை நாள் என்ற கணக்கில்லாமல் கைமாறுகிறது.

இதில் வியாபாரிகளும் புகுந்துவிட்டார்கள். பாசார் மாலாமிலும் கைப்பேசியிலும் "மூன்றே மாதத்தில் சர்க்கரை வியாதி பறந்துவிடும்" என்று பொடி விற்கிறார்கள். தோழர்களே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி, இனிப்பு நீரைக் குணமாக்கும் என்று பொருளை விளம்பரம் செய்வதே குற்றம். 'பாரம்பரிய மருந்து' என்று விற்கப்பட்ட சில பொருட்களில், சர்க்கரையை இறக்கும் ஆங்கில மாத்திரையையும் ஸ்டீராய்டையும் இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அந்தப் பொடியைத் தின்றவுடன் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கினால் அதிசயப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள். பதிவு செய்த மருந்தாக இருந்தால் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் டப்பாவில் அச்சிட்டிருக்கும். எண் இல்லாததை வாங்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

பழத்தைத் தாராளமாக வீட்டுக்குள் விடுங்கள், ஆனால் கணக்கோடு. நூறு கிராம் நாவல் சதையில் உள்ள 15 கிராம் மாவு-சர்க்கரைச் சத்து, சீனர் கடைக் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் சோற்றில் உள்ளதற்குச் சமம். இனிப்பு நீர் உள்ளவர்கள் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிப் பழம் தின்னலாம். கூடை நிறைய வைத்துக்கொண்டு, "இது மருந்துதானே" என்று தின்னக்கூடாது. பழத்தை வாயில் போட்டுக்கொண்டே சூசு போட்ட தே தாரிக் குடித்தால் என்ன பயன்? டின்னில் வரும் இனிப்புச் சூசில் பாதிக்கும் மேல் சீனிதான்.

கொட்டைப் பொடி தின்றே ஆகவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், டாக்டரிடமோ கிளினிக் மருந்தகத்திலோ வாய் திறந்து சொல்லிவிட்டுத் தின்னுங்கள். அவர்கள் ஏசுவார்கள் என்று மறைக்காதீர்கள். மாத்திரையும் பொடியும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக் கூடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பொடியைத் தொடவே வேண்டாம்.

மேலும் இவற்றை மனத்தில் வையுங்கள்:

சோதித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை மூத்திரம், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், புண் ஆறாமை ஆகியவை அடையாளங்கள். அடையாளமே இல்லாமலும் வியாதி இருக்கலாம். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுத்தால் 11.1 அல்லது அதற்கு மேல் காட்டினால் டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். மருந்தும் அதில் அடக்கம். 40 வயதைக் கடந்து, அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடற்பரிசோதனையும் உண்டு.

பசியாறாமல் வேலைக்குப் போகாதீர்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில், மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு மரம் வெட்டவோ குலை தள்ளவோ போனால், சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை மிகவும் கீழே இறக்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருளும், ஆள் உளறுவார். குடித்துவிட்டார் என்று நினைத்து யாரும் ஒதுங்கிப் போய்விடாதீர்கள். அவருக்கு நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லையானால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிடச் செய்யுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்திருப்பது நல்லது.

காலைப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். பூட்ஸ் போடுமுன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. சின்னக் கொப்புளம் என்று விட்டது, காலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டு போய்விடும்.

சம்பளம் போய்விடுமே என்று கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் தனி. சான்று இருந்தும் சம்பளத்தை வெட்டினால், சான்றின் நகலோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

பாடத்தின் சுருக்கம்

நாவல் நல்ல பழம். கழுவி, கைப்பிடி அளவு, சீனியில்லாமல் உண்ணலாம். இரத்தம் ஊறச் செய்யும் அளவுக்கு அதில் இரும்பு இல்லை. இலைத் தேநீர் சர்க்கரையை இறக்கவில்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டது. கொட்டைப் பொடி மாத்திரைக்கு மாற்று என்று யாரும் நிரூபிக்கவில்லை. மாத்திரையைக் கூட்டுவதும், குறைப்பதும், நிறுத்துவதும் டாக்டர் இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டியவை அல்ல.

இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். அங்கே யாருடைய மாத்திரைப் பொட்டலமாவது பிரிக்காமல் கிடக்கிறதா? அப்பாவுடையதா, அம்மாவுடையதா, உங்களுடையதேயா? அதைக் கீழே எடுத்து வையுங்கள். ஆனால் நின்றுபோன மருந்தைப் பழைய அளவில் தானாகவே தொடங்கிவிட வேண்டாம். பொட்டலத்தையும் கிளினிக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், "மாத்திரையை நிறுத்திட்டேன் டாக்டர், இத்தனை நாளாச்சு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்தும் காட்டுங்கள்.